குணசித்திரம் என்கிற குட்டி நாற்காலி

குரோசவா என்று ஆரம்பித்தாலே ‘ஆஹா, டோஷிரோ மிஃபூனே!’ என்று முடிக்கிறவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை இருக்கிறது. சின்னக் கணக்கு ஒன்று கேட்பேன். குரோசவா எடுத்தது 30 படங்கள். மிஃபூனே நடித்தது 16. இன்னொருத்தர் 21. யார் அவர்? பதில் வராது. ‘செவன் சாமுராயில் அந்த மொட்டைத்தலை...’ என்று எடுத்துக்கொடுத்தால், ‘அட, அவரா!’ என்பார்கள்.

அவருக்குப் பெயர் உண்டு ஸார். தகாஷி ஷிமுரா.

1905-ல் பிறந்தவர். ஒசாகாவில் குடிநீர் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். நாடகப் பைத்தியத்தில் வேலை போயிற்று. 1934-ல் சினிமா. 1943-ல் குரோசவாவின் முதல் படத்திலேயே இருக்கிறார். மிஃபூனே வந்து சேர்ந்தது 1948-ல்தான்.

இவரைத்தான் ‘குணசித்திர நடிகர்’ என்று ஓரமாக ஒரு குட்டி நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். அப்படியானால் கதாநாயகனுக்குக் குணம் கிடையாதா?

‘இகிரு’ (1952) பாருங்கள். முப்பது வருஷம் காகிதத்தில் முத்திரை குத்தியே வாழ்ந்த நகராட்சி அதிகாரி, வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஒரு பூங்கா கட்ட அலைகிறார். அப்போது ஷிமுராவுக்கு வயது 47. பனி கொட்டும் ராத்திரியில் ஊஞ்சலில் உட்கார்ந்து முனகலாகப் பாடுகிறார். அவ்வளவுதான். அழுகை, வசனம், நெஞ்சைப் பிடிப்பது எதுவும் இல்லை. 1954-ல் ஏப்ரலில் ‘செவன் சாமுராய்’ தலைவர். நவம்பரில் ‘காட்ஜில்லா’ விஞ்ஞானி. ரப்பர் உடுப்புக்குள் ஆள் இருப்பது தெரிந்தும் நாம் பயப்படுகிறோம் என்றால், அது இவர் முகத்தை நம்பித்தான்.

‘மிஃபூனேயிடம் இருந்த மின்சாரம் இவரிடம் உண்டா?’ என்பீர்கள். இல்லைதான். வெனிஸில் இரண்டு தடவை சிறந்த நடிகர் பரிசு வாங்கினவரை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் செவன் சாமுராயில் மிஃபூனே அத்தனை கும்மாளம் போட முடிவது, பக்கத்தில் ஒருத்தர் தலையைத் தடவிக்கொண்டு நிதானமாக நிற்பதால்தான். மின்சாரம் பாய ஒரு கம்பி வேண்டாமா?

1980-ல் ‘ககெமுஷா’வில் பழைய நண்பருக்கு ஒரு சின்ன வேஷம் கொடுத்தார் குரோசவா. வெளிநாட்டுப் பிரதிக்காகப் படத்தைக் குறைத்தபோது, கத்தரியில் போனதில் ஷிமுராவும் ஒருவர். 1982-ல் இறந்துபோனார். துணைப் பாத்திரம்தானே, போனால் யார் கேட்கப்போகிறார்கள்?

நான் கேட்கிறேன். நீங்களும் ஒரு ராத்திரி ‘இகிரு’ பார்த்துவிட்டு, அந்த ஊஞ்சல் நின்றதும் சொல்லுங்கள், யார் கதாநாயகன் என்று.