தேத்தண்ணி பிறந்த ஊரிலே



காலையில் கண் விழித்ததும் நாம் முதலில் தேடுவது தேத்தண்ணியைத்தான். இந்த நாட்டுக்கு வந்து அகதி முகாமில் கழித்த முதல் நாட்களில்கூட, கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்ட பின்னர்தான் மனம் ஒரு நிலைக்கு வந்தது. அந்தத் 'தே' என்ற சொல்லின் ஊரைத் தேடி, இம்முறை மே மாதத் தொடக்கத்தில் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்குப் போய் வந்தோம்.

நாங்கள் மூவர் சென்றோம். எம்முடன் வந்தவர்களில் ஒருவர் எமது தமிழ்ப் பாடசாலையில் பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்குபவர். எல்லோருக்கும் அவர் அக்காதான். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயன் அறையில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலில் வீடிழந்து வவுனியாவுக்கு வந்து, பின்னர் அங்கிருந்தும் பெயர்ந்து எம்மைப்போல் இங்கு வந்து சேர்ந்தவர்.

சியாமென் நகரில் இறங்கி, அதிவேகப் புகையிரதத்தில் சுவான்ஜோவுக்குப் போனோம். இது ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. நம்மவர் வணிகர்களாக இங்கே வந்து, சிவன் கோயில் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று இந்நகரில் கிடைத்தது. அப்போது சீனாவை ஆண்டவர் குப்ளாய்கான். இங்குள்ள கையுவான் பௌத்த விகாரையின் பின்புறத்தில், நமது புராணக் காட்சிகள் செதுக்கிய இரண்டு கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. இடிந்த கோயிலின் கற்களை அந்த ஊரவர் வீசி எறியவில்லை. தங்கள் கோயிலுக்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தத் தூணைத் தொட்டபோது எமக்குப் பேச்சு வரவில்லை. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம்மவர் கடல் கடந்து போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் துரத்தப்பட்டுப் போனவர்கள் அல்லர்.

அடுத்த நாள் வாடகை வான் ஒன்றில் அன்சி மலைநாட்டுக்கு ஏறினோம். வளைந்து வளைந்து ஏறும் பாதை, இரு பக்கமும் படிப்படியாக வெட்டிய தேயிலைச் சரிவுகள், பள்ளத்தாக்கில் பனிப்புகார். அக்கா யன்னலோரத்தில் இருந்து ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். நெடுநேரத்துக்குப் பின்னர், "எங்க ஊருக்குப் போற ரோட்டு மாதிரியே இருக்கு" என்றார்.

இந்தப் பகுதியின் பேச்சு மொழியில் தேயிலையைத் 'தே' என்றுதான் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் கப்பலில் தேயிலையை ஏற்றியபோது இந்தச் சொல்லையும் கூடவே ஏற்றிச் சென்றார்கள். ஆங்கிலேயரின் 'ரீ'யும் நமது தேயிலையும் அந்த வழியில் வந்தவை. சீனாவின் மற்றப் பகுதிகளில் 'சா' என்பார்கள். தரைவழியே போன அந்தச் சொல் பாரசீகத்தைத் தாண்டிச் 'சாய்' ஆயிற்று. ஆகவே யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணியும் கேரளத்துச் சாயாவும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களால் வெளியேறிய பிள்ளைகள்.

நாங்கள் தங்கியது சிபிங் என்ற ஊரில், வயதான கணவனும் மனைவியும் வாழும் ஒரு வீட்டில். 'தியேகுவான்யின்' என்னும் புகழ்பெற்ற தேயிலையின் பிறப்பிடம் இவ்வூர்தான். 'இரும்புக் குவான்யின்' என்பது அதன் பொருள். குவான்யின் அவர்களுடைய கருணைத் தெய்வம். பல்கலைக்கழக மாணவி ஒருவர் எமக்கு மொழிபெயர்த்து உதவினார்.

அது வசந்தகால அறுவடை நேரம். வீட்டில் எவரும் ஒழுங்காக உறங்குவதில்லை. பறித்த இலையை மாலை வெயிலில் வாட விடுகிறார்கள். பின்னர் மூங்கில் உருளையில் இட்டுக் குலுக்குகிறார்கள், ஆற விடுகிறார்கள், மறுபடி குலுக்குகிறார்கள். இலையின் ஓரங்கள் மெல்லக் கன்றிச் சிவக்க, நடு இரவில் வீடெங்கும் பூவாசம் எழுகிறது. சரியான நேரம் வந்ததும் சூடான சட்டியில் வாட்டி, துணியில் பொட்டலமாகக் கட்டி உருட்டி உருட்டி உலர்த்துகிறார்கள். உருட்டுவதற்கு இப்போது இயந்திரம் இருக்கிறது. ஆனால் 'சரியான நேரம்' எது என்பதை அந்த வீட்டு ஐயாவின் மூக்குத்தான் தீர்மானிக்கிறது.

பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் இடைப்பட்ட இந்தத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருபவை. பதப்படுத்தும் முறைதான் வேறு. வெள்ளைக்காரருக்கு இது நெடுநாள் தெரியாதிருந்தது. 1848இல் கிழக்கிந்தியக் கம்பனி அனுப்பிய ரொபேர்ட் ஃபோர்ச்சூன், தலையை மழித்துச் சடை கட்டிச் சீனனாக வேடமிட்டு உள்நாட்டுக்குள் புகுந்தார். ஆயிரக்கணக்கான செடிகளையும், விதைகளையும், தொழில் தெரிந்த ஆட்களையும் இந்தியாவுக்குக் கொண்டுசென்றார். இலங்கையில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். 1869இல் கோப்பிச் செடிகளில் நோய் கண்டு, கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை பரவியது. கோப்பிக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம்மவர்களின் முதுகில் தேயிலைக் கூடை ஏறியது.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனோம். அக்காவின் கைகள் சும்மா இருக்கவில்லை. சிறு வயதில் தாயோடு மலைக்குப் போய்ப் பழகிய விரல்கள். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக மளமளவென்று கிள்ளத் தொடங்கினார். வீட்டு அம்மா ஓடிவந்து தடுத்தார். இந்தத் தேயிலைக்கு இளங்கொழுந்து கூடாதாம். மூன்று நான்கு இலை நன்றாக விரிந்த பின்னர்தான் பறிக்க வேண்டுமாம். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "இந்த முத்துன எலையப் பறிச்சுக்கிட்டு எங்கம்மா மடுவத்துக்குப் போயிருந்தா, கங்காணி அரைப்பேர்தான் போட்டிருப்பாரு!"

அதை மாணவி மொழிபெயர்த்ததும் வீட்டு அம்மாவின் முகம் மலர்ந்தது. தன்னைப்போல் இன்னொரு தேயிலைக் குடும்பம் என்று நினைத்துவிட்டார் போலும். ஆவலோடு கேட்டார்: "உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு தோட்டம் இருந்தது?"

அக்கா சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "ஒரு செடிகூட இல்லை."

வீட்டு அம்மாவுக்கு இது விளங்கவில்லை. அந்த ஊரில் நிலம் கிராமத்தின் கூட்டுச் சொத்து. ஆனால் 1980களிலிருந்து குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, அவரவர் துண்டில் அவரவர் பயிர் செய்கிறார்கள். அங்கும் கூலிக்குப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். விலை விழுந்தால் கடன் படுபவர்களும் இருக்கிறார்கள். சொர்க்கம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆயினும், வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்த ஒருத்திக்கு ஒரு செடிகூட இல்லை என்பதை அந்த அம்மாவால் நம்ப முடியவில்லை.

செடி மட்டுமா இல்லை? நாடும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. 150,000 பேரின் கதி பின்னர் பார்ப்பதற்கென விடப்பட்டது. எஞ்சியோரின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அக்காவின் தாயார் அதற்கு முன்னரே, எந்த நாட்டுக் கடதாசியும் இல்லாமல் கண் மூடிவிட்டார்.

அன்றிரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, கையில் எந்த நாட்டுப் பத்திரமும் இல்லாமல் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. அந்த வேதனையை உலகத்தில் நாம்தான் முதலில் பட்டோம் என்பதுபோலப் பேசியும் எழுதியும் இருக்கிறோம். நம் வீட்டுக் கோப்பையில் தேயிலையை நிரப்பியவர்கள் அதை எத்தனையோ வருடங்களுக்கு முன்னரே பட்டுவிட்டார்கள். நாம் கேட்கவில்லை. 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லை நம்மில் சிலர் எவ்வளவு இலேசாகச் சொன்னோம்! அக்காவும் எமது பாடசாலைக்கு வந்த முதல் வருடங்களில், எந்த ஊர் என்று கேட்டால் 'வவுனியா' என்று மட்டுந்தான் சொல்லி வந்தாராம். ஏன் என்று எமக்கு அன்றிரவுதான் விளங்கியது.

விடைபெறும்போது வீட்டு அம்மா ஒரு பொட்டலம் தேயிலையை அக்காவின் இரு கைகளிலும் வைத்து, "இது நீங்கள் பறித்ததும் சேர்ந்தது" என்றார். சீனியும் பாலும் இல்லாமல் குடிக்க வேண்டிய தேத்தண்ணி அது. முதலில் சற்றுத் துவர்க்கும். பின்னர்தான் தொண்டையில் இனிக்கும்.

வாசகர்களே, உங்கள் அயலில், உங்கள் சங்கத்தில், உங்கள் பிள்ளை படிக்கும் தமிழ் வகுப்பில் மலையகத்தில் பிறந்தவர் ஒருவர் இருப்பார். வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை அவர் வீட்டுக்கு வரும்போது தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "உங்கள் தோட்டம் எது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி எமக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருப்போம். முதலாவதாக அக்கா எழுதுகிறார். இம்முறை ஊரின் பெயரோடு.

அடுத்த இதழில் சந்திப்போம்.