மதிப்புரையா, வாழ்த்து மடலா?



ஸ்ரீவராகத்தில் நமது புத்தக விழா முடிந்து, பந்தலும் பிரித்தாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கைச் செயற்குழு பார்த்துக்கொள்ளும். நான் கேட்க வந்தது வேறு கணக்கு. மேடையில் ஐந்து நூல்களுக்கு மதிப்புரை வழங்கினார்கள். வழங்கிய ஐவரில் நூலை முழுதும் படித்தவர் எத்தனை பேர்?

ஒருவர் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு வந்தார். இன்னொருவர் ஆசிரியரின் தகப்பனாரைப் பற்றியே இருபது நிமிடம் பேசினார். "ஒவ்வொரு தமிழன் வீட்டிலும் இருக்கவேண்டிய நூல்" என்று ஐந்து நூல்களுக்கும் ஐவரும் சொன்னார்கள். பிறகு பொன்னாடை, கைதட்டல், சுக்குக் காப்பி! இது மதிப்புரையா? வாழ்த்து மடல்! இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. நிகழ்ச்சி நிரல் எழுதியவன் நான்தான்.

நஷ்டம் யாருக்கு? சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தோழர் ஒருவர், அந்தப் பேச்சை நம்பி, மகளுக்காக 250 ரூபாய் கொடுத்து ஒரு நாவல் வாங்கினார். மலையாளப் பள்ளியில் படிக்கும் அந்தப் பெண் வீட்டில் எழுத்துக்கூட்டித் தமிழ் கற்றவள். நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டாள். "தமிழ்ப் புத்தகம்னாலே இப்படித்தானாப்பா?" என்று கேட்டாளாம். 250 ரூபாய் போனது சிறிய நஷ்டம். ஒரு வாசகி போனாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

"நாம் இங்கே கொஞ்சம் பேர். குறை சொன்னால் எழுதினவர் மனம் நோகும், ஒற்றுமை கெடும்" என்கிறார்கள் சிலர். பார்சல் ஆபீசில் தராசில் வைக்காமலே எடை எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் உபகாரமா, மோசடியா? மேடையில் புகழ்ந்துவிட்டு டீக்கடையில் பழிப்பதுதான் ஒற்றுமையைக் கெடுக்கிறது.

"விமரிசனம் பேராசிரியர்கள் வேலை" என்பது அடுத்த சாக்கு. ஆ. மாதவன் யார்? இதே சாலைத் தெருவில் கடை நடத்தியவர். அந்தத் தெருவின் எளிய மனிதர்களைக் 'கடைத்தெருக் கதைகள்' ஆக்கியவர். 2021இல் மறைந்த அவருக்கு 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது எந்த நூலுக்குக் கிடைத்தது? 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்கு! கடைக்காரர் இலக்கியக் கட்டுரை எழுதலாம் என்றால், சுமட்டுக்காரர் ஏன் மதிப்புரை சொல்லக் கூடாது? கதையில் வரும் சுமைகூலி மெய்யானவனா, போலியா என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்?

நம்மைச் சுற்றியுள்ள மலையாளிகளைப் பாருங்கள். 1945இல் பி.என். பணிக்கர் முயற்சியால் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்றுகூடின. அங்கே பிறந்த இயக்கம் 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது பெற்றது. 2023இல் சட்டமன்ற வளாகத்துக்குள்ளேயே புத்தகத் திருவிழா வந்தது. ஊர் வாசகசாலையின் பெஞ்சில் உட்கார்ந்து சாதாரண மக்கள் புத்தகத்தை அலசிய பழக்கம் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா?

நல்ல மதிப்புரைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். நூல் எதைச் சொல்ல வந்தது என்பதை, முடிவை வெளியிடாமல், நாலு வரியில் சொல்ல வேண்டும். வந்த காரியத்தைச் சாதித்ததா என்று பக்கத்தைக் காட்டிப் பேச வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் காரணம் வேண்டும். ஆசிரியர் உறவினரென்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுத்தைக் குறை சொல்லலாம். எழுதியவரின் சாதியையும் குடும்பத்தையும் இழுக்கக் கூடாது. விலை நியாயமா, அச்சுப்பிழை உண்டா, யாருக்கு ஏற்றது என்பதையும் விடக் கூடாது.

அடுத்த விழாவுக்கு என் யோசனை இது: மூன்று நூல்கள் போதும். பொன்னாடைக் காசில் பிரதிகள் வாங்கி, இரண்டு மாதம் முன்பே வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவோம். ஒரு சுமட்டுத் தொழிலாளி, வீட்டுவேலை செய்யும் ஒரு சகோதரி, ஒரு மாணவர் பேசட்டும். ஆசிரியர் கடைசியில் பதில் சொல்லட்டும்.

அதற்கு முன்னோடியாக, நாற்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிய அந்தப் பெண்ணிடம் ஒரு மதிப்புரை கேட்டிருக்கிறேன். ஏன் மூடினாள் என்று அவளே எழுதட்டும். அதை ஒரு வரி குறைக்காமல் இந்த ஏட்டில் அச்சிடும் துணிவு நமக்கு உண்டா? செயற்குழு பதில் சொல்லட்டும்!