ஐஸ் பார்!

ஏழு வருஷங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதத்துக் காலையில், என் மருமகளிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளைக்கு ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உத்தியோகம். அவளும் கூடப் போயிருந்தாள். படத்தில் கண்ணாடி போல் பளபளக்கும் ஒரு சுவர். அதன் முன்னால், கரடி மாதிரி ஓர் அங்கியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு தம்ளருடன், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நம் பெண். கீழே இரண்டே வார்த்தை: "ஐஸ் பார்!"

ஐஸைப் பார்க்கச் சொல்கிறாள் என்று நானும் பார்த்தேன். "பார்த்தேன் அம்மா, நன்றாக இருக்கிறது" என்று பதிலும் போட்டேன். சாயந்தரம் வந்த என் தங்கை பேரன்தான் விஷயத்தை உடைத்தான். "பாட்டி, அது பார்க்கிற பார் இல்லை. குடிக்கிற பார்!" என்றான்.

அதற்கப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். சொல்லாமலே மழுப்பிவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். ஆனால் இந்தப் பக்கத்தில் உங்களிடம் எதை மறைத்திருக்கிறேன், இதை மறைக்க?

சென்ற ஆனி மாதம் ஸ்டாக்ஹோமுக்குப் போனேன். அடேயப்பா, அங்கே என்ன வெயில்! காலை மூன்றரை மணிக்கே சூரியன் வந்துவிடுகிறது. இரவு பத்து மணிக்குத்தான் போகிறது. இந்த ஊரில் வடாம் பிழிந்தால் இரண்டே நாளில் காய்ந்துவிடுமே என்று தோன்றிற்று. தெருவெல்லாம் பூ. எங்கே திரும்பினாலும் தண்ணீர். "இந்த ஊரில் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று மருமகளிடம் தினம் ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் "ஆமாம் அத்தை" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

பிள்ளை ஆபீஸ் காரியமாக வெளியூர் போயிருந்த சமயம். ஒரு நாள் காலை காப்பி கொடுக்கும்போதே, "நாளைக்கு நாம் இரண்டு பேரும் ஐஸ் பாருக்குப் போகிறோம், அத்தை. டிக்கெட் வாங்கிவிட்டேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நம் வீட்டில் யாரும் அந்த மாதிரிப் படியை மிதித்ததில்லை, தெரியுமோ இல்லையோ?" என்றேன்.

"தெரியும் அத்தை. அங்கே பழரசமும் உண்டு. நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்கத்தான் வேண்டும்."

"எனக்கு ஐஸ் வைக்கிறாயா, என்ன?" என்று கேட்டேன். சிரித்தாளே தவிர, பதில் சொல்லவில்லை. இரண்டு பேர் டிக்கெட்டுக்கு நம் ஊரில் ஒரு மாதத்துப் பால் கணக்கையே தீர்த்துவிடலாம். வாங்கியதை வீணாக்குவானேன் என்று கிளம்பினேன்.

நகரத்தின் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஹோட்டலுக்குள் இருக்கிறது இந்த இடம். 2002-ஆம் வருஷம் திறந்தார்களாம். வருஷம் முழுவதும் ஒரே இடத்தில் நடக்கும் பனிக்கட்டி மதுக்கூடங்களில் உலகத்திலேயே இதுதான் முதலாவது என்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் வேறு பல நகரங்களிலும் இப்படிப்பட்ட இடங்கள் தோன்றின.

வாசலில், தலையை மூடும் குல்லாயோடு கூடிய கனத்த அங்கியும் கையுறையும் கொடுத்தார்கள். புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். வாலும் கதையும் இருந்தால் ஆஞ்சநேயர் வேஷமே போட்டிருக்கலாம். காலுக்குத் தடித்த உறையும் பூட்ஸும் மருமகள் வீட்டிலேயே போட்டுவிட்டாள். ஒரு கதவைத் திறந்து, அதை மூடிய பிறகு அடுத்த கதவைத் திறந்து, உள்ளே நுழைந்தோம்.

சுவர் ஐஸ். மேஜை ஐஸ். நாற்காலி ஐஸ். தூண் ஐஸ். பானம் ஊற்றித் தருகிறவன் நிற்கும் நீண்ட மேடையும் ஐஸ். உள்ளே விளக்கு வைத்திருப்பதால் எல்லாம் நீலமாக ஒளிவிடுகிறது. வெளியே வெயில் அடிக்கிறது, உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி! பயந்து விடாதீர்கள். நம் வீட்டு பிரிட்ஜில் ஐஸ்கிரீம் வைக்கிற தட்டு பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. அதைவிட இது எவ்வளவோ தேவலை. மூக்கின் நுனிதான் முதலில் போய்விட்டதோ என்று சந்தேகம் வருகிறது.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் யாரையும் இருக்க விடுவதில்லை. நமக்குக் குளிருமே என்பதற்காக மட்டுமில்லை. ஒரு மனிதர் சும்மா நின்றாலே சுமார் 100 வாட் பல்பு அளவுக்கு உஷ்ணத்தை வெளியே விடுகிறாராம். நாற்பது பேர் நின்றால் நாற்பது பல்பு. அதோடு நாம் விடும் மூச்சிலுள்ள ஈரம் சுவரில் வெள்ளையாய்ப் படிகிறது. பார்க்க வருகிறவர்களே அந்த இடத்துக்குப் பகை!

மருமகள் இரண்டு தம்ளர் வாங்கி வந்தாள். தம்ளரும் ஐஸ்தான். சதுரக் கட்டியில் குடைந்தெடுத்த மாதிரி இருந்தது. உள்ளே சிவப்பாக லிங்கன்பெரிப் பழரசம். நம் களாக்காயைப் போல ஒரு புளிப்பு, அடியில் லேசான கசப்பு. "கையுறையைக் கழற்றாதீர்கள், அத்தை. கைச்சூட்டில் தம்ளர் கரையும்" என்றாள். உதடு பட்ட இடத்தில் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளம் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். "ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை கட்டும்" என்று அறுபது வருஷமாக ஊரை அதட்டியவள், ஐஸ் தம்ளரிலேயே குடித்துவிட்டு இன்றும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. நாம் வீட்டில் செய்கிற ஐஸ் நடுவில் வெள்ளையாக இருக்கும். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் முகம்கூடத் தெரிகிறதே! கேட்டேன். நம் பிரிட்ஜில் தண்ணீர் நான்கு பக்கமும் அவசரமாக உறைகிறது. அதில் கரைந்திருக்கும் காற்று தப்ப வழியில்லாமல் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. ஆறோ மேலிருந்து கீழாக, மெள்ள மெள்ள, ஒரு குளிர்காலம் பூராவும் உறைகிறது. கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் காற்றும் அழுக்கும் ஒதுங்கிப் போய்விடுகின்றன. கட்டி பளிங்காக நிற்கிறது.

ஆமாம், இது ஆற்று ஐஸ். ஸ்வீடனின் வடகோடியில், துருவ வட்டத்துக்கும் அப்பால் சுமார் 200 கிலோமீட்டரில், யுக்கஸ்யார்வி என்று ஒரு சிற்றூர். அதன் ஓரமாக டோர்ன் என்ற ஆறு ஓடுகிறது. மார்ச், ஏப்ரலில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு உறைந்திருக்கும்போது, டன் கணக்கான எடையுள்ள பாளங்களாக அறுத்தெடுத்து, குளிர்க் கிடங்கில் வைக்கிறார்கள். அந்த ஊரில் 1989-ல் தொடங்கி ஐஸ் வேலை நடக்கிறது. வருஷாவருஷம் ஐஸாலேயே ஒரு ஹோட்டல் கட்டுவார்கள். படுக்கையும் ஐஸ்தான். மேலே துருவ மானின் தோலை விரித்து, உறைப்பைக்குள் புகுந்து தூங்க வேண்டியது. வசந்தம் வந்ததும் கட்டடம் உருகி ஆற்றுக்கே போய்விடும். 2016 முதல் அதில் ஒரு பகுதியைக் கோடையிலும் வைத்திருக்கிறார்கள். அங்கே நள்ளிரவிலும் மறையாத சூரியனின் ஒளியில் மின்சாரம் எடுத்து, அதைக்கொண்டே ஐஸைக் காப்பாற்றுகிறார்களாம்!

அந்த வடக்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் வந்திருக்கிறது ஸ்டாக்ஹோமின் ஐஸ். "ஐஸை இவ்வளவு தூரம் சுமப்பார்களா, பைத்தியக்காரர்கள்?" என்று சொன்னவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நம் சென்னையில் நடக்காததா?

மருமகளுக்கு அந்தக் கதை தெரியாது. சொன்னேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டியூடர் என்ற வியாபாரி, குளங்களில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி நம் தேசத்துக்கு அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்கு வந்த முதல் கப்பலில் ஏற்றியது 180 டன். நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் மிச்சம் இருந்தது! சென்னையில் அந்த ஐஸை வைக்க 1842-ல் கடற்கரையோரம் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பிற்பாடு யந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது, கட்டடம் கைமாறிற்று. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். அதனால்தான் இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர்.

இடையில் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. சகோதரி சுப்புலட்சுமி, தாமே இளம் வயதில் விதவையானவர், 1911-ல் பட்டம் பெற்றவர். தம்மைப் போன்ற சிறு பெண்களைச் சேர்த்து, அங்கே தங்க வைத்துப் படிக்கச் செய்தார். என் பாட்டியின் தங்கை அவர்களில் ஒருத்தி. பதினொரு வயதில் தாலி இழந்து வந்து, உபாத்தியாயினியாகி வெளியே போனவள். "முதல் வருஷம் முழுக்கச் சமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டு அழுவேன். வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தில் மட்டும், 'இங்கு நான் சௌக்கியம்' என்றே எழுதுவேன்" என்று அவள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

மருமகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நானும் அப்படித்தான் எழுதினேன், அத்தை" என்றாள்.

"எப்போது?"

"அந்தப் படம் அனுப்பினேனே, அப்போது. நீங்கள் பார்ப்பது ஆனி மாதத்து ஸ்டாக்ஹோம். மார்கழியில் மூன்று மணிக்கு முன்பே அஸ்தமித்துவிடும். அவர் மூன்று வாரம் வெளியூரில். பாஷை தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இல்லை. மூன்று நாளாக நான் வாய் திறந்து யாருடனும் பேசவில்லை. இந்த வழியாக நடந்து போனபோது உள்ளே வெளிச்சமாக இருந்தது. வெளியேயும் குளிர்தான், இங்கேயாவது வெளிச்சம் இருக்கிறதே என்று வந்தேன். யாரோ ஒரு வயதான தம்பதி, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அழக்கூடாதே என்று அத்தனை பெரிசாகச் சிரித்தேன். அம்மாவுக்கும் அதையே அனுப்பினேன். அன்று ராத்திரி அம்மா போனில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள்."

இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் செய்த காரியம் இதுதான்: சம்பந்தியம்மாளைப் போனில் கூப்பிட்டு, "உங்கள் பெண் கையில் தம்ளரோடு எங்கே நிற்கிறாள், பார்த்தீர்களா? அழகாக வளர்த்திருக்கிறீர்கள்!" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நியாயம் பேசிவிட்ட திருப்தியோடு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியில் எனக்கு முகம் சுட்டது. "உன் அம்மாவிடம் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும் அத்தை" என்றாள்.

"எப்போது தெரியும்?"

"அப்போதே தெரியும். அதனால்தான் உங்களை அழைத்து வந்தேன். நான் எங்கே நின்றேன் என்று நீங்களே பார்க்க வேண்டாமா?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அம்மா, நான் செய்தது தப்பு" என்றேன். பெரியவளாகப் பிறந்துவிட்டு இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயது வேண்டியிருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் என் குல்லாயைச் சரியாக இழுத்துவிட்டாள். அதற்குள் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் வெளியே வந்தோம். கண் கூசுகிற வெயில்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சம்பந்தியம்மாளுக்குப் போன் செய்தேன். ஏழு வருஷத்துப் பாக்கி. அந்த அம்மாள் முதலில் அழுதாள். பிறகு, "ஐஸ் தம்ளரில் குடித்தீர்களாமே, தொண்டை கட்டவில்லையா?" என்று கேட்டாள்.

ஸ்டாக்ஹோம் போகிறவர்கள் அவசியம் அந்த இடத்தைப் பாருங்கள். முன்னதாகவே டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். காலுறை இரண்டு போடுங்கள். போனைச் சட்டைக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பழரசம் என்று கேட்டு வாங்குங்கள்.

போகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தூர தேசத்திலிருந்து உங்கள் வீட்டுப் பெண் ஒரு படம் அனுப்பியிருப்பாள், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. அதற்குப் பின்னால் இருக்கும் சுவரையும், கையிலிருக்கும் தம்ளரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவளைக் கூப்பிட்டு, "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேளுங்கள்.