சந்தேகமே சாட்சி, சந்தேகமே தீர்ப்பு!

தோழர்களே!

வாக்களித்து வெஸ்ட்மின்ஸ்டருக்கு அனுப்பினர் மக்கள். வாரண்டு நீட்டிச் சிறைக்கு அனுப்பியது அரசு! அயர்லாந்து கண்ட நாடாளுமன்ற நாகரிகம் இது!

1881ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், டப்ளின் நகரில் கைது செய்யப்பட்டார், கார்க் நகரத்து நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல். கில்மைனம் சிறைச்சாலையின் கதவு திறந்தது, மூடியது. ஜான் டில்லன், தாமஸ் செக்ஸ்டன், ஜேம்ஸ் ஓ'கெல்லி எனச் சக உறுப்பினர்களும் அடைக்கப்பட்டனர். வழக்கு உண்டா? இல்லை. விசாரணை உண்டா? இல்லை. பின் எதன்பேரில் சிறை? சந்தேகத்தின்பேரில்!

சந்தேகம் என்று வைசிராய் கையொப்பமிட்டால் போதும். 1882 செப்டம்பர் முடியும்வரை உள்ளேயே வைக்கலாம் என்றது அவ்வாண்டு மார்ச்சில் பிறந்த சட்டம். அந்தச் சட்டத்துக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'ஆள், உடைமைப் பாதுகாப்புச் சட்டம்'! ஆளைப் பிடித்து அடைப்பதற்குப் பெயர் ஆள் பாதுகாப்பு!

ஏன் வந்தது அச்சட்டம்? 1881 ஜனவரியில் பார்னல் மீதும் தோழர்கள் மீதும் சதி வழக்கு நடத்திப் பார்த்தனர். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, வழக்கு வீழ்ந்தது. அதே மாதத்தில், ஜூரியே தேவைப்படாத சட்டம் மன்றத்துக்கு வந்தது! அயர்லாந்தின் உறுப்பினர்கள் விடவில்லை. ஒரே அமர்வு 41 மணி நேரம் நீடித்தது. வாதத்தை வெல்ல முடியாத நிலையில், சபாநாயகர் வாதத்தையே நிறுத்தினார். மறுநாள் பிப்ரவரி 3ஆம் நாள், மைக்கேல் டாவிட் கைதானார் என்ற செய்தி வந்தது. ஏனென்று கேட்டுக் கொதித்தெழுந்த உறுப்பினர்களில் 36 பேர் வெளியேற்றப்பட்டனர்.

யார் இந்த டாவிட்? மேயோ மாவட்டத்து ஏழை உழவன் மகன். குடியிருந்த வீட்டிலிருந்து குடும்பத்தோடு துரத்தப்பட்டு, லங்காஷயர் ஆலையில் கூலியாகி, 11 வயதிலே ஒரு கையை இழந்தவர். 1879இல் நிலச் சங்கம் கண்டவர். அச்சங்கத்தின் தலைவரான பார்னலோ, விக்லோ மாவட்டத்து நிலக்கிழார்! கையிழந்த கூலியும் காணி படைத்த கனவானும் ஒரே மேடையில் நின்றனர். நியாயமான குத்தகை, நிலைத்த குடியுரிமை, விளைநிலத்தில் இட்ட உழைப்பை விற்கும் உரிமை, அதற்கும் அப்பால் உழுபவனுக்கே நிலம்: இவையே கோரிக்கைகள். 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேரைப் பலிகொடுத்த மண், 1879இல் மீண்டும் விளைச்சல் பொய்த்தபோது கேட்டது இவற்றை!

"கலவரம் நடந்ததே, வீடுகள் தாக்கப்பட்டனவே, அரசு கைகட்டி நிற்குமா?" என்று கேட்போர் உண்டு. நடந்தது, மறுப்பாரில்லை. ஆனால், மக்களுக்குக் கட்டளையிடத்தக்க தலைவனை உள்ளே தள்ளிவிட்டு, வெளியே யாரிடம் அமைதி கேட்பது? தம் இடத்துக்கு யார் வருவார் என்று வினவியபோது, 'கேப்டன் மூன்லைட்' என்று விடையிறுத்தார் பார்னல். இரவில் முகமூடியிட்டு வரும் கும்பலுக்கு வழங்கிய பெயர் அது. அந்தக் குளிர்காலத்தில் வன்செயல் குறைந்ததா? பெருகியது!

பார்னல் கைதான செய்தியைக் கிளாட்ஸ்டன் லண்டன் கில்ட்ஹாலில் அறிவித்தபோது ஆரவாரம் எழுந்தது. தாராள மனத்தின் திருவுருவம் எனப் போற்றப்பட்டவர் அவர்! ஒரு கையில் நிலச் சட்டம் என்னும் சலுகை. மறு கையில் சிறைச் சாவி!

சிறையிலிருந்து குத்தகை மறுப்பு அறிக்கை வெளிவந்தது. நிலச் சங்கத்துக்குத் தடை விழுந்தது. பாதிரிமார் எதிர்த்தனர், குத்தகை மறுப்பு எதிர்பார்த்தபடி பரவவில்லை. எனினும் களம் காலியாகவில்லை. பார்னலின் தங்கை அன்னா பார்னல் தலைமையில் பெண்கள் நிலச் சங்கம், வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கூரை தந்தது, கைதிகளின் இல்லங்களுக்கு உணவு தந்தது.

முடிவு என்ன? ஆறு திங்கள் கடந்ததும் அரசே பேச்சுக்கு இறங்கி வந்தது! குத்தகை பாக்கியில் சிக்கி நிலச் சட்டத்தின் பயனை இழந்த உழவருக்கு நிவாரணம் தர இசைந்தது. அமைதிக்குத் துணைநிற்பதாகப் பார்னலும் இசைந்தார். 1882 மே 2ஆம் நாள் பார்னல், டில்லன், ஓ'கெல்லி விடுதலையாயினர். அவர்களைச் சிறையிலிட்ட அமைச்சர் பார்ஸ்டர் பதவி விலகினார்! கைதி வெளியே வந்தான். காவல் வைத்தவன் வெளியேறினான்!

பாடம் படித்தார்களா? இல்லை. 1887இல் பால்பர் மற்றோர் அடக்குமுறைச் சட்டம் கொணர்ந்தார். உறுப்பினர் வில்லியம் ஓ'பிரையன் டல்லமோர் சிறைக்குச் சென்றார். அரசியல் கைதி நான், குற்றவாளியின் உடை அணியேன் என்று மறுத்தார். அவர் சிறையிலிருந்தபோது லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் ஆங்கிலத் தொழிலாளரே திரண்டு, தடியடி பட்டனர்.

1903இல் வந்தது நிலக் கொள்முதல் சட்டம். அரசே கடன் தந்து, நிலக்கிழாரிடமிருந்து நிலத்தை வாங்க உழவனுக்கு வழி வகுத்தது. எதைக் கேட்டதற்காகச் சிறையோ, அதையே சட்டமாக எழுதினர்!

தோழர்களே! பிரதிநிதியைப் பூட்டலாம், அவனை அனுப்பிய பல்லாயிரவர் பசியைப் பூட்ட எந்தக் கொல்லனும் பூட்டு அடித்ததில்லை. கில்மைனம் இன்று அருங்காட்சியகம். பார்னல் இருந்த அறையைக் காண மக்கள் வருகிறார்கள். அவரை அடைக்க வாரண்டு நீட்டியவர்களின் பெயரைக் கேட்பார் எத்தனை பேர்?