விலையை உடைத்தவர்களுக்கு யார் படியளப்பது?

2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டோபர் மொராக்கா என்பவர் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து பேசினார். எய்ட்ஸ் முற்றிப் பூஞ்சைத் தொற்று கண்டிருந்த உடம்பு. அதற்கு ஃப்ளூகோனசோல் என்ற மருந்து உண்டு, ஆனால் ஃபைசர் வைத்திருந்த விலை அவருக்கு எட்டவில்லை. அந்த ஆண்டே இறந்துபோனார். சில மாதம் கழித்து, ‘சிகிச்சைச் செயல் இயக்கம்’ என்ற அமைப்பின் ஜாக்கி அக்மத் தாய்லாந்துக்குப் போய், அதே மருந்தின் ஜெனரிக் வடிவத்தை ஆயிரக்கணக்கில் வாங்கி வந்தார். ஒளித்துக் கொண்டுவரவில்லை. பத்திரிகையாளர்களைக் கூட்டி, கொண்டுவந்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். காப்புரிமைச் சட்டத்தை மீறிய அந்தப் போராட்டத்துக்கு மொராக்காவின் பெயரையே வைத்தார்கள்.

ஏழை நாடுகளுக்கு மருந்து கிடைக்க யார் பணம் தருவது என்ற பேச்சு வந்தாலே அமெரிக்கா, ஐரோப்பா, கேட்ஸ் அறக்கட்டளை என்று பெரிய கைகளின் பட்டியல்தான் வாசிக்கப்படுகிறது. தொண்டு நிறுவனங்களும் நோயாளர் அமைப்புகளும் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களாக மட்டும் கடைசி வரியில் வருகிறார்கள். இந்தக் கணக்கு தவறு என்பதே எங்கள் கருத்து.

1990களின் கடைசியில் எச்.ஐ.வி. கூட்டுமருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுஃப் ஹமீது, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு அதையே 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். நூறு கோடி டாலர் கையில் இருக்கிறது என்று வையுங்கள். பழைய விலையில் அது ஒரு லட்சம் பேருக்கு ஓராண்டு மருந்து. புதிய விலையில் இருபத்தெட்டு லட்சம் பேருக்கு. எந்த வல்லரசின் நன்கொடையும் ஒரே ஆண்டில் இப்படி இருபத்தெட்டு மடங்காகப் பெருகியதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், மலிவு மருந்துக்கு வழிசெய்த தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த 39 மருந்து நிறுவனங்கள் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் வழக்கை வாபஸ் வாங்கின. அங்கே நோயாளிகளின் தரப்பைச் சொல்லத் தானும் மனுப்போட்டு உள்ளே நுழைந்திருந்தது அக்மத்தின் இயக்கம். 2002 ஜனவரியில் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் பிறந்தது. விலை இறங்கியிராவிட்டால் அந்த நிதியத்தின் பணம் யானைப் பசிக்குச் சோளப்பொரியாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நிதியத்தின் ஆட்சிக்குழுவில் வாக்குரிமை உள்ள இடங்கள் 20. அவற்றில் மூன்று தொண்டு நிறுவனங்களுக்கும் நோயோடு வாழும் மக்களுக்கும் உரியவை. பணம் போடாதவருக்கும் வாக்கு என்பது சர்வதேச நிதி உலகில் சாதாரணமாகக் கிடைக்கிற விஷயம் அல்ல. தெருவில் நின்றவர்கள் வாங்கிய இடம் அது.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். க்ளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டபோது, சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவித்தவர்களில் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் ஒன்று. 2006இல் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதுக் காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கதவை முழுவதுமாகச் சாத்தியது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் போகிற மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் நிலை நீடித்தது. ஏழு ஆண்டுக்கும் மேலாக நடந்த இந்தப் போராட்டத்துக்கு ஆன செலவை, அது மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுகாதாரத்தில் இவ்வளவு பலன் தரும் முதலீடு வேறு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்த வேலைக்குப் படியளப்பவர் யார்? அக்மத் தொடங்கிய அதே இயக்கம் 2014இல், பணம் இல்லாமல் மூடும் நிலைக்கு வந்துவிட்டதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் கையேந்தியது. க்ளிவெக் வழக்கில் புற்றுநோயாளர் சங்கத்துக்காக வாதாடிய லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு வெளிநாட்டு நிதி பெறுவதற்கான பதிவை 2016இல் மத்திய அரசு ரத்து செய்தது. மாத்திரை வாங்கப் பணம் தருகிற நாடுகள், மாத்திரையின் விலையைக் கேள்வி கேட்கிறவருக்குப் பணம் தரத் தயங்குகின்றன. சில நேரம் அந்த மருந்து நிறுவனங்களே தங்கள் நாட்டின் செல்லப்பிள்ளைகள் என்பதும் காரணம். மேலைக் கொடையையே நம்பியிருக்கும் அமைப்புகள் காலப்போக்கில் குரலைத் தணித்துக்கொள்வதையும் பார்க்கிறோம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சம்பளம் போட வேண்டிய மாதக் கடைசி எல்லோருக்கும் வருகிறது.

2025இல் நிலைமை இன்னும் மோசமானது. ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. மருந்து கொடுப்பதற்குப் பிறகு ஓரளவு விலக்கு வந்தது. ஆனால் பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கென்று தென்னாப்பிரிக்காவில் நடந்த மருத்துவ மையங்கள் பல இழுத்து மூடப்பட்டன. நவம்பரில் ஜொகன்னஸ்பர்க்கில் உலக நிதியத்துக்கு 1,800 கோடி டாலர் இலக்கு வைத்ததில் சுமார் 1,130 கோடிக்குத்தான் வாக்குறுதி வந்தது. பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டப்படுவது வழக்குச் செலவும், நோயாளர் கூட்டங்களும், அரசு மருத்துவமனையில் மருந்து இருப்பைப் போய்ப் பார்த்து எழுதிவரும் ஊழியரின் சம்பளமும்தான்.

உலகுக்கே ஜெனரிக் மருந்து விற்று வளர்ந்த இந்திய நிறுவனங்களுக்கு இதில் பொறுப்பு உண்டு. நோயாளர் அமைப்புகள் திறந்துவிட்ட சந்தையில்தான் அவை விற்கின்றன. ஆனால் அவற்றின் பணம் நேராக அந்த அமைப்புகளின் கைக்குப் போனால் நாளை இன்னொரு வாய்ப்பூட்டு. அரசுகளும் நிறுவனங்களும் போடுகிற, எவரும் தனியாக ஆட்டிவைக்க முடியாத ஒரு பொது நிதி வேண்டும். விமானப் பயணச்சீட்டில் ஒரு சிறு வரி போட்டு மருந்துக்கு நிதி திரட்டும் ஏற்பாட்டோடு 2006இல் யுனிடெய்ட் உருவானபோதும் இது நடக்காது என்றுதான் பலர் சொன்னார்கள்.

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனாகபவிர் ஊசிக்கு அமெரிக்காவில் ஆண்டு விலை 28,000 டாலருக்கு மேல். 2027 முதல் 120 நாடுகளில் இந்திய ஜெனரிக் 40 டாலருக்குக் கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த ஊசியின் காப்புரிமையை வைத்திருக்கும் கிலியட் நிறுவனம் ஜெனரிக் தயாரிக்கக் கொடுத்த உரிமத்தில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் மெக்சிகோவும் பெருவும் இல்லை. அந்த ஊசியைச் சோதித்துப் பார்க்க உடம்பைக் கொடுத்தவர்களில் அந்த நான்கு நாட்டு மக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் காப்புரிமை அலுவலகங்களில் மனுப்போட வேண்டிய வேலை இப்போது இருக்கிறது.