தொட்டிக்குள்ளே வெள்ளைக் கொள்ளை!

ஏற்காடு டூர் போனா திரும்பும்போது கையில ஒரு குட்டித் தொட்டியோட பஸ் ஏறுற கூட்டம்தானே நாம? உருண்டைக் கள்ளி, தாமரை மாதிரி இதழ் அடுக்கின எச்செவேரியா... மலையில ஜில்லுனு இருந்த செடி, சேலம், ராசிபுரம், திருச்செங்கோடுன்னு கீழே இறங்கி ஹாஸ்டல் ஜன்னல்ல உட்காரும். கொஞ்ச நாள்ல இலை இடுக்குல வெள்ளையா ஏதோ ஒண்ணு! உடனே 'ஐயோ பூஞ்சை'ன்னு குப்பையில போடறவங்க ஒரு ரகம். ஊர்ல காட்டுக்கு அடிக்கிற மருந்தை எடுத்து வந்து ரூமுக்குள்ளேயே அடிக்கிறவங்க இன்னொரு ரகம். பூட்டின அறையில அந்த மருந்தை சுவாசிக்கப் போறது நீங்களும் ரூம்மேட்டும்தான். ரெண்டும் வேணாம். முதல்ல அது என்னன்னு பாருங்க.

மொபைல் டார்ச்சைப் போட்டு, கேமராவுல ஜூம் பண்ணுங்க.

இலை முழுக்க ஒரே சீரா, கறுப்பு திராட்சை மேல இருக்கற படலம் மாதிரி இருக்கா? அது நோயே இல்ல! வெயிலுக்காகச் செடி தானே பூசிக்கிட்ட மெழுகு. துடைச்சிடாதீங்க.

இடுக்குல மட்டும் பஞ்சு பஞ்சா இருக்கா? மாவுப்பூச்சி. எறும்பு வரிசை கட்டித் தொட்டியில ஏறினா சந்தேகம் இன்னும் பலமாகும். பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணிக்குத்தான் அந்தக் கூட்டம். அதே தண்ணி மேலதான் கறுப்பா கரும்பூசணமும் படரும். பூச்சி போனா அதைக் கழுவி விட்டுடலாம்.

பவுடர் கொட்டின மாதிரி திட்டுத் திட்டா இருக்கா? சாம்பல் நோய். இதுதான் நிஜப் பூஞ்சை. அந்த இலைகளைக் கிள்ளி எறிஞ்சுட்டு, காத்தோட்டமான இடத்துல வைங்க. இலை மேல தண்ணி தெளிக்காதீங்க.

அடித்தண்டு கறுத்து, இலை கொழகொழன்னு ஆகுதா? அழுகல். நல்லா இருக்கற நுனியை வெட்டி, நிழல்ல சில நாள் காயவிட்டு, மணல் அதிகம் கலந்த மண்ணுல நடுங்க. தொட்டிக்கு அடியில ஓட்டை கட்டாயம். மண் முழுசா காய்ஞ்ச பிறகுதான் அடுத்த தண்ணி.

மாவுப்பூச்சிக்கு வைத்தியம்? செடியைத் தனியா வைங்க. மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்பிரிட்டைக் காது பட்ஸ்ல தொட்டு, ஒவ்வொரு பூச்சி மேலயும் வைங்க. முதல்ல ஒரே ஒரு இலையில வெச்சுப் பாருங்க. சாயங்காலம் செய்யறது நல்லது. பக்கத்துல நெருப்பு கூடவே கூடாது. முட்டைகள் பொரிச்சு வரும்ங்கறதால வாரம் ஒரு தடவைன்னு நாலு வாரம் விடாம செய்யணும். அப்பவும் வாடினா தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்க. அங்கேயும் ஒளிஞ்சிருக்கும்.

'இதுக்கு ஒரு ஸ்ப்ரே போதாதா?'ன்னு கேக்கறீங்களா? பதில் காலேஜ் பஸ் ஜன்னலுக்கு வெளியே இருக்கு. குச்சிக்கிழங்குக் காடு!

உங்க தொட்டிப் பூச்சியோட சொந்தக்காரன், மரவள்ளி மாவுப்பூச்சி. 2020-ல கேரளாவோட திருச்சூர்ல, இந்தியாவுலேயே முதல் தடவையா தென்பட்டு, சேலம், நாமக்கல் வரைக்கும் வந்துடுச்சு. நுனி சுருண்டு, செடி குட்டையா நின்னுபோச்சு. ஜவ்வரிசி ஆலைகளை நம்பிக் கிழங்கு போட்டவங்க கதி என்ன? மருந்து அடிச்சும் முழுசா அடங்கல. மெழுகுப் பஞ்சுக்குள்ள, சுருண்ட இலைக்குள்ள மருந்து சரியா இறங்காது. மாவுப்பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சிகள்தான் முதல்ல செத்துப்போகும்.

ஆப்பிரிக்காவுல இதே பூச்சியை அடக்கினது, அதோட உடம்புக்குள்ளேயே முட்டையிடற 'அனகைரஸ் லோபெசி'ங்கற பொடிக் குளவி. பெங்களூருல இருக்கற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதை பெனின் நாட்டுலேர்ந்து வரவழைச்சுது. 2022 மார்ச்ல நம்ம ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல பறக்கவிட்டாங்க. எந்தப் பூச்சின்னு சரியா கண்டுபிடிச்ச பிறகுதான், அதுக்கு ஏத்த எதிரியைத் தேட முடிஞ்சுது.

ஏக்கர் கணக்குல காட்டுக்கே இதான் கதைன்னா, கையகலத் தொட்டிக்கு என்ன அவசரம்? இன்னிக்கு ராத்திரி டார்ச்சோட ஜன்னல் பக்கம் போங்க. அடுத்த தடவை ஏற்காட்டுல செடி வாங்கும்போது, விலை கேக்கறதுக்கு முன்னாடி இலை இடுக்கைப் பாருங்க. ஓகேவா பாஸ்?