நனைந்துபோன படத்தைத் திருத்துவோம்



மருதமுனை ராத்தா ஒருவர் சென்ற மாதம் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு படம் கொண்டுவந்தார். 1990ஆம் ஆண்டு வயலுக்குப் போய்த் திரும்பி வராத கணவரின் படம். அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் அல்பத்தோடு நனைந்து, ஒரு பக்கம் மஞ்சளாகி, நெற்றிக்கு மேலே வெடித்திருந்தது.

தெரிந்த பையன் ஒருவன் அதைக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் போட்டுப் புதிதாக்கிக் கொடுத்திருக்கிறான். படம் பளபளவென்று இருந்தது. ராத்தா சொன்னார்: "புள்ள, இது மகள்ட வாப்பா இல்ல. வேற யாரோ ஒராள்."

அவர் சொன்னது சரிதான். இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பல, அழிந்த இடத்தில் என்ன இருந்தது என்று தெரியாமலே, வேறு முகங்களில் பழகியதை வைத்து ஒரு கண்ணையோ மூக்கையோ ஊகித்து வரைந்துவிடுகின்றன. பெரும்பாலும் படம் இணையம் வழியாக யாருடையதோ கணினிக்கும் போகிறது. வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களை அப்படி அனுப்ப நம்மில் பலருக்கு மனம் வராது.

நாங்கள் பயன்படுத்துவது கிம்ப் என்ற மென்பொருள். 1995இல் அமெரிக்காவின் பேர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இன்று பல நாட்டுத் தொண்டர்கள் அதை வளர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது. பணம் கட்டத் தேவையில்லை. திருட்டுப் பிரதியும் அல்ல. யாரும் பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம் என்று அதன் உரிமமே சொல்கிறது. பென் டிரைவில் கொண்டுவந்து ஒரு தடவை ஏற்றிவிட்டால், பிறகு இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

முதலில் படத்தைக் கவனியுங்கள். அல்பத்தில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்யலாம். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில், 600 டிபிஐ அளவில் எடுக்கச் சொல்லுங்கள். கொமியூனிகேஷன் கடையில் "எதுக்கு இவ்வளவு?" என்று கேட்பார்கள். விடாதீர்கள். அந்தக் கோப்புக்கு 'மூலம்' என்று பெயர் வைத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிரதியில்தான் கை வைக்க வேண்டும்.

மங்கலைத் தெளிவாக்க 'லெவல்ஸ்' இருக்கிறது. கறைக்கு 'ஹீல்', வெடிப்புக்கு 'குளோன்'. கிழிந்த சாரனுக்கு அதன் ஓரத்துத் துண்டையே வெட்டி ஒட்டுப் போடுவோமே, அந்த வேலைதான். கொன்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி நல்ல இடத்தில் ஒரு கிளிக், பிறகு கையை எடுத்துவிட்டுக் கறையின் மேல் சிறிய தூரிகையால் தேய்க்க வேண்டும். பின்சுவர், சேட்டு, தலைமுடி எல்லாம் இப்படி வந்துவிடும். பிழைத்துப்போனால் கொன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள், செய்தது இல்லாமல் போய்விடும். ஆனால் கண், மூக்கு, வாய்க்குக் கிட்டப் போக வேண்டாம். அங்கே கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் எண்ணம்.

'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் இருக்கும். அச்சிடுவதற்கு 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஜேபெக் ஆக்க வேண்டும். இது தெரியாமல் நானே இரண்டு தடவை ஸ்டூடியோவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ படம் கொடுப்பதானால், திருத்திய படத்தைக் கொடுக்காதீர்கள். மூலத்தின் பிரதியைக் கொடுங்கள். அசலைக் கைவிட வேண்டாம்.

ராத்தாவின் படத்துக்கு இரண்டு பின்னேரம் எடுத்தது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சேட்டுக் கொலரில் ஒரு சிவப்புப் புள்ளி. அழிக்கவா என்று கேட்டேன். "அது கடல் தண்ணிக் கறை இல்ல புள்ள. படம் புடிக்கப் போற வழியில வெத்தில போட்டவர்" என்றார். அதை அப்படியே விட்டோம். இரண்டு பிரதி அடித்தோம், ஒன்று அவருக்கு, மற்றது மகளுக்கு.